பொய் ஜன்னல் வீடு

அந்த மனிதரை நான் முதலில் பார்த்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை. டிபன் டப்பாவை மேஜைக்கு அடியில் வைத்துவிட்டுக் கம்ப்யூட்டரைத் திறந்து பத்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. மாடி அறையில் கட்டிலில் படுத்திருந்தார். மார்பு வரை போர்வை. ஒரு கை மட்டும் வெளியே. கூர்மையான மூக்கு, அகலமான நெற்றி.

அவர் இருந்தது இங்கிலாந்தில் ஒரு சின்ன ஊரில். நான் இருந்தது ஹைதராபாத் மாதாப்பூரில், ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் ஆறாவது மாடியில், ஏசிக்கு நேர் கீழே, கழுத்தில் துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு.

அவரைச் சுற்றி ஒரு கட்டம் போட்டேன். அழித்தேன். அடுத்த அறைக்குப் போய்விட்டேன்.

பயந்துவிடாதீர்கள். எங்கள் வேலையே அதுதான்.

புள்ளி அவர்களுடையது, கோடு எங்களுடையது

இந்தப் பத்தியில் போன வாரம் நான் எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகி கேட்டிருந்தார்: "இருபது வருஷமாக இங்கிலாந்து வீடுகளை வரைகிறேன் என்கிறீர்களே, அங்கே போயிருக்கிறீர்களா?" இல்லை அம்மா. விமானத்தில் ஏறியதே ஒரு தடவைதான். அதுவும் மதுரைக்கு, ஒரு சாவு வீட்டுக்கு.

போகத் தேவையில்லை. அங்கே ஒருவர் முக்காலியில் ஸ்கேனர் ஒன்றை வைத்து ஒவ்வொரு அறையாகச் சுற்ற விடுவார். அது சுவர், கூரை, நாற்காலி, பூனை என்று கண்ணில் பட்டதையெல்லாம் கோடிக்கணக்கான புள்ளிகளாக எடுத்துவிடும். அந்தப் புள்ளிக் கூட்டம் எங்களுக்கு வந்து சேரும். ஆபீஸில் அதற்கு மேகம் என்று பெயர். மேகத்துக்குள் புகுந்து சுவர் எது, கதவு எது என்று பார்த்துக் கோடு இழுத்துத் தருவது நாங்கள். கோலம் மாதிரிதான். புள்ளி வைப்பவர் ஒருவர், இழுப்பவர் இன்னொருவர்.

ஸ்கேனர் சுற்றும்போது அறையில் ஆள் இருக்கக் கூடாது. இருந்தால் அவர்களும் புள்ளியாகி விடுவார்கள். பெரும்பாலும் நடந்துகொண்டே இருப்பதால் கலைந்து, புகை மாதிரிதான் தெரிவார்கள். கட்டிலில் இருந்தவர் அப்படி இல்லை. ஒரு இழை கலையவில்லை. அதை அன்றைக்கு நான் யோசிக்கவில்லை. அசையாமல் இருந்தால் அழிப்பதும் சுலபம் என்று மட்டும் நினைத்தேன். இப்போது எழுதும்போது கூச்சமாக இருக்கிறது.

நாலு ஜார்ஜ்கள் காலத்து வீடு

எங்களுக்கு வீட்டின் பெயர் தெரியாது. ஒரு எண் மட்டும் வரும். எண்ணோடு எப்படிப் பழகுவது? நானே பெயர் வைத்துக்கொள்வேன். கோணல் படி வீடு, ஏழு அடுப்பு வீடு, இப்படி. இது பொய் ஜன்னல் வீடு.

இங்கிலாந்தில் வரிசையாக நாலு ஜார்ஜ் மன்னர்கள் ஆண்ட காலத்தில் கட்டியது. அந்தக் காலத்து வீடுகள் என்றால் எனக்கு உயிர். சிவப்புச் செங்கல் முகப்பு. நடுவில் கதவு, அதன் தலைக்கு மேல் விசிறியை விரித்து வைத்தது போல அரைவட்டக் கண்ணாடி. கதவுக்கு இந்தப் பக்கம் இரண்டு ஜன்னல், அந்தப் பக்கம் இரண்டு. மேலே ஐந்து. அதற்கும் மேலே வேலைக்காரர்கள் படுக்கும் தளத்தில் குள்ளமாக ஐந்து. ஜன்னலின் உயரத்தைப் பார்த்தே யாருக்கு எவ்வளவு மரியாதை என்று சொல்லிவிடலாம். ஜன்னல்கள் மேலும் கீழும் நகரும். சுவருக்குள் கயிற்றில் ஒரு இரும்புக் குண்டு தொங்கும், அது எடைக்கு எடை நிற்கும். ஒரு விரலால் தூக்கலாம் என்பார்கள். போவன்பள்ளியில் எங்கள் பிளாட்டின் ஜன்னலைத் திறக்க ஒரு ஆளும் தேங்காயெண்ணெயும் வேண்டும்.

முகப்புதான் இத்தனை ஒழுங்கு. பின்பக்கம் போனால் எல்லார் வீட்டுப் பின்பக்கம் மாதிரிதான். ஒரு சுவர் நேராக இருக்காது. குழாய்கள் இஷ்டத்துக்கு ஓடும். விருந்தாளி வரும்போது ஹாலை மட்டும் பெருக்குகிற ஜாதிதான் அவர்களும். அதைப் பார்த்த பிறகுதான் அந்த மனிதர்கள் மேல் எனக்குப் பிரியம் வந்தது.

பொய் ஜன்னல் எங்கே என்கிறீர்களா? நடுத்தளத்தில் இடமிருந்து இரண்டாவது. வெளியிலிருந்து பார்த்தால் ஜன்னல். உண்மையில் செங்கல் சுவரில் ஒரு பள்ளம், அதில் கறுப்பு வண்ணமும் வெள்ளைக் கட்டங்களும். அந்த இடத்தில் உள்ளே புகைபோக்கி போகிறது, ஜன்னல் வைக்க முடியாது. அதற்காக நாலு மட்டும் வைத்தால் வரிசை கெட்டுவிடுமே. அதனால் ஐந்தாவதை வரைந்துவிட்டார்கள். அடேயப்பா, என்ன பிடிவாதம் என்று சிரித்தேன்.

சிரித்த வாய் சீக்கிரமே மூடிக்கொண்டது. அதே வீட்டில் நானும் ஒன்றை வரைந்து வைத்திருந்தேன்.

நிழலை நிரப்புவது

ஸ்கேனருக்குக் கண் எட்டுவதுதான் தெரியும். பீரோவுக்குப் பின்னால் சுவர் எப்படி இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. அந்த இடம் மேகத்தில் வெறும் கறுப்பாக இருக்கும். நாங்கள் அதை நிழல் என்போம். நிழலை நிரப்பித்தான் அனுப்புவோம். ஓட்டை உள்ள வரைபடத்தை யார் வாங்குவார்கள்? ஜார்ஜ் காலத்து வீடு என்றால் இன்னும் வசதி. இடப்பக்கம் என்ன இருக்கிறதோ அதையே வலப்பக்கம் போட்டுவிடலாம். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு முதல் வாரமே நான் சொல்லிக் கொடுக்கிற வித்தை இது. பெருமையாகச் சொல்லிக் கொடுப்பேன்.

கீழ்த்தளத்தில் தெருவைப் பார்த்த ஒரு அறை. அதன் பின்னால் ஒரு சின்னச் சாமான் அறை. இரண்டுக்கும் நடுவில் ஒரு சுவர். முன்னறையில் அந்தச் சுவரை மறைத்துக்கொண்டு கூரை வரை ஒரு புத்தக அலமாரி. பின்னறையில் அதே சுவர் தெரியாதபடி கூரை வரை அட்டைப்பெட்டிகள்.

சுவரும் கூரையும் சேருகிற மூலையில் சுண்ணாம்புச் சாந்தில் பூவேலை செய்து ஒரு பட்டை ஓடும். கார்னிஸ் என்பார்கள். முன்னறையின் மற்ற மூன்று பக்கமும் அது அழகாக ஓடியது. நாலாவது பக்கம் நிழல். நிரப்பினேன். பின்னறையிலும் அப்படியே.

இரண்டு மாதம் கழித்து ஒரு மெயில் வந்தது. அந்த வீட்டை ஸ்கேன் செய்து எங்களுக்கு அனுப்பிய சர்வேயர் எழுதியிருந்தார்: மாடிப்படியில் ஆளை உட்கார வைத்து ஏற்றி இறக்குகிற நாற்காலி லிப்ட் வைக்க முடியுமா என்று பார்க்க வேண்டும், படியை மட்டும் தனியாக வரைந்து கொடுங்கள். அடியில் பழைய மெயில்கள் தொங்கிக்கொண்டிருந்தன. நீக்க மறந்திருப்பார் போல. அதில் ஒன்று அந்த வீட்டுக்கார அம்மா எழுதியது. அவர் பெயர் இங்கே வேண்டாம்.

என் கணவர் நோய்வாய்ப்பட்டதிலிருந்து மாடியை விட்டு இறங்கவில்லை, ஒரு குளிர்காலம் முடிந்து அடுத்தது வரப் போகிறது என்று எழுதியிருந்தார். முன்னறையில் அவருக்குக் கட்டில் போட்டு, பின்னறையைக் குளியலறையாக மாற்றி, நடுச்சுவரில் சக்கர நாற்காலி போகும் அகலத்துக்கு ஒரு கதவு வைக்க நினைத்தோம். அரசாங்கம் பாதுகாக்கும் பழைய வீடு ஆயிற்றே, எதை இடிப்பதற்கும் அனுமதி வேண்டும், கேட்டோம். இரண்டு அறைகளிலும் கார்னிஸ் நாலு பக்கமும் ஓடுவது வரைபடத்தில் தெரிகிறது, ஆகவே அது வீடு கட்டியபோதே எழுப்பிய சுவர், அதை உடைக்க முடியாது என்று அதிகாரி சொல்லிவிட்டார். வீடு எங்களைவிட வயதில் பெரியது, அதன் பேச்சைக் கேட்டுத்தான் ஆக வேண்டும். இதுதான் கடிதம். புலம்பல் ஒரு வார்த்தை இல்லை.

வீடு எங்கே பேசியது? பேசியது நான்.

நாலு விரல் அகலம்

மேகத்தை மறுபடி திறந்தேன். அலமாரிக்கும் மூலைக்கும் நடுவில் நாலு விரல் அகலத்துக்கு ஒரு இடுக்கு. அதற்குள் ஸ்கேனர் எட்டிப் பார்த்திருந்தது. பக்கச் சுவரில் ஓடி வந்த கார்னிஸ் அந்த நடுச்சுவரைத் தொட்டதும் திரும்பவில்லை. நேராகச் சுவருக்குள் போய் மறைந்திருந்தது.

அறையைக் கட்டும்போதே கார்னிஸ் வைத்தால் அது ஒவ்வொரு மூலையிலும் திரும்பிச் சுற்றி வரும். ஒரே பெரிய அறையாக இருந்ததைப் பின்னால் யாரோ குறுக்கே சுவர் வைத்துப் பிரித்தால்தான் கார்னிஸ் சுவருக்குள் புகுந்து அந்தப் பக்கம் வெளியே வரும். அதாவது, அந்த நடுச்சுவர் வீட்டோடு பிறந்தது இல்லை. பிற்காலத்து ஒட்டு. அதில் கதவு வைத்தால் யாருக்கும் நஷ்டமில்லை.

இந்த இடுக்கை நான் முதலிலேயே பார்த்திருந்தேன். அதுதான் என்னைக் குத்தியது. பழைய வீடு, ஓரத்தில் உடைந்திருக்கும் என்று அந்தப் புள்ளிகளைத் துடைத்துவிட்டு அழகாகக் கோடு போட்டிருந்தேன். அன்று மத்தியானம் டெலிவரி. கோடு அழகாக இருந்ததில் எனக்குத் திருப்திகூட.

பாலாஜியிடம் போனேன். எங்கள் டீம் லீடர். கொள்ளுத்தாத்தா காலத்திலிருந்து செகந்திராபாத்தில் இருக்கும் தமிழ்க் குடும்பம். என்னைவிடப் பத்து வயசு சின்னவர், நல்ல பிள்ளை. அவர் தமிழில் இந்த ஊர் உருது கலந்திருக்கும்: ஹவ் என்றால் ஆமாம், நக்கோ என்றால் வேண்டாம், கைக்கு என்றால் எதுக்கு.

திரையைப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். "ஹவ் அக்கா, நீங்க சொல்றது கரெக்ட். அது பின்னாடி வெச்ச சுவர்தான்."

"அப்ப சொல்லிரலாமா?"

"நக்கோ அக்கா. கைக்கு இப்ப கெளறணும்? டெலிவரி ஆயிடுச்சு, அவங்க செக் பண்ணி ஓகே சொல்லிட்டாங்க. இந்த மாசம்தான் கான்ட்ராக்ட் புதுசு பண்ணணும். நாமளே போயி தப்பு பண்ணிட்டோம்னு சொன்னா, டீம்ல பன்னெண்டு பேர் என்ன ஆகறது? சொந்த செலவுல சூனியம் வெச்சிக்காதீங்க."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அந்தப் பன்னிரண்டு பேரில் இரண்டு பேர் அந்த வருஷம்தான் கொண்டாப்பூரில் வீட்டுக் கடன் வாங்கியிருந்தார்கள். கிரகப்பிரவேசத்துக்கு நானே போய்ப் பாயசம் குடித்துவிட்டு வந்தேன். இருக்கைக்கு வந்து அந்த மாடிப்படியை வரைய ஆரம்பித்தேன். குறுகலான படி, நடுவில் ஒரு திருப்பம். லிப்ட் அங்கே உட்காராது. பார்த்தவுடன் தெரிந்தது.

முப்பத்தாறு படி

இந்த இடத்தில் என் மாமனாரைப் பற்றிச் சொல்லாமல் தாண்ட முடியாது.

என் வீட்டுக்காரர் செல்வம் போவன்பள்ளி மொத்தக் காய்கறிச் சந்தையில் லாரி ஆபீஸ் வைத்திருக்கிறார். ஒட்டன்சத்திரத்து முருங்கைக்காயும் திண்டுக்கல் சின்ன வெங்காயமும் அவர் கையைத் தாண்டித்தான் இந்த ஊர்ச் சாம்பாருக்குள் போகும். அந்த ஆபீஸைத் தொடங்கியதே மாமாதான். எங்கள் பிளாட் இரண்டாவது மாடி. லிப்ட் கிடையாது. முப்பத்தாறு படி. இடுப்பு உடைந்த பிறகு இரண்டு வருஷம் மாமா பால்கனியோடு சரி. லாரியின் ஹாரனை வைத்தே எந்த டிரைவர் என்று சொல்லுவார்.

தினமும் சாயங்காலம் ஒரே கேள்வி. "கலா, கீழ போயி ஒரு டீ குடிச்சிட்டு வருவமா?"

"நாளைக்குப் போவம் மாமா."

டீக்கடை எங்கள் கேட்டுக்கு எதிரிலேயே இருந்தது. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து நாலு பேர் தூக்கினால் இறக்கிவிடலாம். நாலு பேரைக் கூப்பிடக் கூச்சம். இரண்டு தடவை இறக்கினோம். முதல் தடவை ஆஸ்பத்திரிக்கு. இரண்டாவது தடவை இறக்கியது அவருக்குத் தெரியாது.

பாலாஜியிடம் பேசிவிட்டு வந்த அன்று சாயங்காலம் அடுப்பில் பாலை வைத்துவிட்டு என் வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இங்கிலாந்து, அலமாரி, கார்னிஸ், பாலாஜி, பன்னிரண்டு பேர். அவர் பட்டாணி உரித்துக்கொண்டே கேட்டார். கட்டிலில் இருந்த மனிதரைச் சொன்னபோது கை நின்றது.

"அந்தாளு மேலயேவா இருக்காரு?"

"ஆமாங்க."

"தப்பாக் கோடு போட்டா அழிச்சிட்டு ஒழுங்காப் போடு. இதுக்கு எதுக்கு எங்கிட்ட வந்து நிக்கிற?"

கோபமாகத்தான் சொன்னார். கோபம் என் மேல் இல்லை என்று எனக்குத் தெரியும். பால் பொங்கி வழிந்தது. இரண்டு பேரும் அதைக் கவனிக்கவில்லை.

பார்க்காததை வரைந்தவள்

மறுநாள் காலை சர்வேயருக்கு ஒரு மெயில் எழுதி, முதலில் பாலாஜியின் திரைக்கு அனுப்பினேன். என் ஆங்கிலம் பாலிடெக்னிக் ஆங்கிலம், சுற்றி வளைக்கத் தெரியாது. அந்தச் சுவரில் கார்னிஸை நான் பார்க்கவில்லை. பார்க்காததை வரைந்துவிட்டேன். நான் பார்த்ததை இத்துடன் இணைத்திருக்கிறேன். தயவுசெய்து அலமாரியை நகர்த்திப் பாருங்கள். தப்பு என்னுடையது, டீமினுடையது அல்ல.

பின்னாலேயே அவர் மேஜைக்குப் போனேன். "நீங்க அனுப்பலேன்னாலும் நான் அனுப்புவேன் பாலாஜி. அதைச் சொல்லிட்டு அனுப்பணும்னுதான் வந்தேன்."

நாற்காலியைத் திரைப் பக்கம் சுழற்றினார். பிறகு இரண்டு எழுத்துப் பிழைகளைத் திருத்தினார். கடைசி வரியை அழித்தார். 'தப்பு எங்களுடையது' என்று மாற்றி, கீழே தன் பெயரைப் போட்டு அனுப்பிவிட்டார். அந்த நிமிஷம் அந்தப் பிள்ளையைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. ஆபீஸில் அதெல்லாம் முடியாது. டிபன் டப்பாவிலிருந்து இரண்டு பணியாரம் எடுத்து வைத்தேன்.

பின்விளைவு இல்லாமல் போகவில்லை. அங்கிருந்து காரமாக ஒரு பதில் வந்தது. கான்ட்ராக்டை ஒரு வருஷத்துக்குப் பதில் மூன்று மாதத்துக்குத்தான் புதுப்பித்தார்கள். என்னை வீடுகளிலிருந்து எடுத்து ஒரு சூப்பர் மார்க்கெட்டின் கார் நிறுத்தும் இடத்தை வரையப் போட்டார்கள். வெள்ளைக் கோடு, வெள்ளைக் கோடு, வெள்ளைக் கோடு. ஆறு மாதம் அதுதான் என் ஜார்ஜ் காலம்.

ஆனால் அலமாரியை நகர்த்திப் பார்த்தார்கள். ஏணி போட்டு ஏறினார்கள். கார்னிஸ் சுவருக்குள் போய் அந்தப் பக்கம் வந்திருந்தது. அதிகாரி நேரில் வந்து பார்த்துவிட்டுப் போனார் என்று பாலாஜி சொன்னார். அதற்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. கேட்கவும் முறையில்லை.

ஒரு புது விதி மட்டும் வந்தது. இனிமேல் நிழலை நிரப்பக் கூடாது. பார்க்காத இடத்தைப் புள்ளிக்கோடாகத்தான் போட வேண்டும். ஆபீஸில் அதற்குக் 'கலாக்கா கோடு' என்று பாலாஜி பெயர் வைத்தார். புதிதாகச் சேருகிற தெலுங்குப் பிள்ளைகள் அதுதான் அதிகாரபூர்வமான பெயர் என்று நினைத்துக்கொண்டு மீட்டிங்கில் எல்லாம் சொல்லுகிறார்கள்.

மறுபடி அந்த எண்

அடுத்த மாம்பழ சீசனில், கான்ட்ராக்ட் பழையபடி ஆன பிறகு, பாலாஜி என் மேஜைக்கு வந்தார்.

"அக்கா, பார்க்கிங் போதும். இதை எடுத்துக்குங்க. கட்டட வேலை முடிஞ்சதும் மறுபடி ஸ்கேன் பண்ணி அனுப்பியிருக்காங்க. இருக்கறபடி வரையணும்."

எண்ணைப் பார்த்தேன். பொய் ஜன்னல் வீடு.

நேராகக் கீழ்த்தளத்துக்குப் போனேன். அலமாரி இல்லை. நடுச்சுவரில் அகலமாக ஒரு கதவு, அதற்கு அந்தப் பக்கம் குளியலறையின் கைப்பிடிகள். மேலே கார்னிஸ் சுவருக்குள் போவது இப்போது பளிச்சென்று தெரிந்தது. முன்னறையில் கட்டில். கட்டில் காலி.

காலிக் கட்டிலைப் பார்த்தால் நம் புத்தி எங்கே போகும் என்று உங்களுக்குத் தெரியும்.

மெல்ல மேகத்தைத் திருப்பினேன். தெருப்பக்கத்து ஜன்னல் ஓரம் சக்கர நாற்காலி. அதில் அவர். அதே மூக்கு, அதே நெற்றி. ஸ்கேனர் வரும்போது வெளியே போகச் சொல்லியிருப்பார்கள். இவ்வளவு நாள் கழித்துக் கிடைத்த ஜன்னலை விட்டுவிட்டுப் போவாரா? முகம் தெளிவாக இருந்தது, தோள் தெளிவாக இருந்தது. வலது கை மட்டும் கலைந்து புகையாக இருந்தது.

"பாலாஜி, இங்க வாங்க. இவரு கைய ஆட்டியிருக்காரு."

வந்து குனிந்து பார்த்தார். "தெருவுல யாருக்காச்சும் காட்டியிருப்பார்." நிமிர்ந்தார். "ஆனா அழிக்கணும்க்கா."

"தெரியும்."

அழித்தேன். இந்தத் தடவை முகத்தை நன்றாகப் பார்த்துவிட்டு அழித்தேன். அவர் இருந்த இடத்துக்குப் பின்னால், ஜன்னலுக்குக் கீழே, சுவர் கறுப்பாக இருந்தது. ஸ்கேனரை அந்த அறையில் ஒரே இடத்தில்தான் வைத்திருந்தார்கள். அவர் மறைத்த சுவர் அதன் கண்ணில் படவில்லை. இடப்பக்கத்து ஜன்னலுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். பழைய கலாவாக இருந்தால் இரண்டு நிமிஷத்தில் நிரப்பியிருப்பேன்.

விதிப்படி புள்ளிக்கோடு போட்டேன். இன்றைக்கு அந்த ஊர் அலுவலகத்தில் யாராவது அந்த வரைபடத்தைப் பிரித்தால், கீழ்த்தளத்தில் ஜன்னல் ஓரம், ஒரு ஆள் உட்காரும் அகலத்துக்கு மட்டும் சுவர் புள்ளிப் புள்ளியாக இருக்கும்.